மேல் உணவுப்பாதை ரத்தக்கசிவு: நோயாளியின் போக்கைக் கணிப்பது எப்படி? கேஷுவாலிட்டி முதல் டிஸ்சார்ஜ் வரை

ரத்த வாந்தி, கருப்பு மலம் என்று ஒருவர் வந்து படுத்ததும் போனை எடுத்து ஸ்கோர் ஆப்பைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. எண் வந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு ஸ்கோரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வி என்ன என்று தீர்மானிக்காமல் கணக்குப் போட்டால், இறப்பைக் கணிக்கும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, எண்டோஸ்கோபி சிகிச்சை தேவைப்படும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பெங்களூரு மருத்துவமனைகளில் டியூட்டி பார்க்கும் தமிழ் ஹவுஸ் சர்ஜன்கள், டியூட்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்களை மனதில் வைத்து எழுதியது இது. சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரத்திலிருந்து நேரே வருபவர்களும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து ரெஃபர் ஆகி வருபவர்களும் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள். இருவருக்கும் கணக்கு ஒன்றல்ல. ஏன் என்பதை 2-ஆம் படியில் பார்க்கலாம். உங்கள் யூனிட்டின் நெறிமுறைக்கும் சீனியரின் முடிவுக்கும் இது மாற்று இல்லை.

1. கணக்குக்கு முன்: ரத்தம் எடுக்கும்போதே யோசியுங்கள்

பிபி சரிந்து கிடந்தால் ஸ்கோர் காத்திருக்கட்டும். மூச்சுப்பாதை, 16 அல்லது 18 கேஜில் இரண்டு கேனுலா, டிரிப், கிராஸ் மேட்ச் ஆகியவைதான் முதலில். ஆனால் கேனுலா போடும் அந்தக் கையோடு ரத்தமும் எடுத்துவிடுவோம் என்பதால், கணிப்பு வேலை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஊதா மூடியில் ரத்த எண்ணிக்கை, நீல மூடியில் பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரம்), சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் யூரியா, கிரியேட்டினின், முழு எல்எஃப்டி (ஈரல் பரிசோதனை), ரத்த வங்கிக்குத் தனியாக ஒன்று. வழக்கமாக விட்டுப்போவது ஆல்புமின். ‘எல்எஃப்டி காலையில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைப்பார்கள். இறப்பைக் கணிக்கும் ஸ்கோர்கள் ஆல்புமின் இல்லாமல் நகராது. அதனால் முதல் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரம்பினால் ரத்தத்துக்கு சிட்ரேட் அதிகமாகி ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். 1.3 இருக்க வேண்டியது 1.6 என்று வந்தால் ஒரு புள்ளி சும்மா கூடும், தேவையில்லாமல் பிளாஸ்மாவும் ஏற்றப்படும். டிரிப் ஓடுகிற கையிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டாம். சலைன் கலந்து ஹீமோகுளோபின் தாழ்ந்து காட்டும்.

2. முதல் எண்களைப் பிடித்துவையுங்கள்

எண்டோஸ்கோபிக்கு முந்தைய ஸ்கோர்கள் எல்லாம் நோயாளி முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த எண்களை வைத்து உருவானவை. டிரிப்பும் ரத்தமும் ஏறிய பிறகு எடுத்த எண்களை அதில் போட்டால் விடை தாழ்ந்து வரும்.

ரெஃபரல் கேஸ்களில் இது அன்றாடம் நடக்கும் தவறு. ஓசூரில் முதலில் பார்த்தபோது பிபி 84, பல்ஸ் 124. அங்கே இரண்டு லிட்டர் சலைன், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்போது பிபி 112, பல்ஸ் 94. இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே, பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோரில் (விவரம் 5-ஆம் படியில்) ஓசூர்க் கணக்குக்கு 4 புள்ளி, உங்கள் கணக்குக்கு 0. நோயாளி ஒருவர்தான், ஆபத்தும் மாறவில்லை. எண்களுக்கு ஒப்பனை ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ரெஃபரல் கடிதத்தில் முதல் பிபி, பல்ஸ், ஹீமோகுளோபின் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ‘ரத்த வாந்தி, மேல் சிகிச்சைக்காக’ என்று ஒரு வரிதான் இருக்கும். அனுப்பிய இடத்துக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். கேஸ் ஷீட்டில் ‘முதல் பார்வை’ என்று தனி வரி போட்டு, நேரத்தோடு எழுதுங்கள். அதற்குக் கீழே, வந்து சேர்ந்தபோது இருந்த எண்கள். கணக்கு மேல் வரியை வைத்து, கண்காணிப்பு கீழ் வரியை வைத்து.

முதல் எண்களிலும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது ஹீமோகுளோபின். ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுவும் நீரும் சேர்ந்தேதான் போகும். திசுக்களிலிருந்து நீர் உள்ளே வந்து ரத்தம் நீர்த்த பிறகுதான் எண் இறங்கும், அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். வந்தவுடன் 13 இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆறு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

இரண்டாவது பல்ஸ். ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுபவருக்கு அரை லிட்டர் ரத்தம் போனாலும் பல்ஸ் 80-ஐத் தாண்டாமல் இருக்கும். பல்ஸை மேல் பிபியால் வகுத்து வரும் எண் 1-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரிடம் அந்தக் கணக்கும் ஏமாற்றும்.

3. கேட்க வேண்டிய கேள்விகள்

மலத்தை முதலில் முடித்துவிடலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். ஆனால் அது பச்சை கலந்த கருப்பு, கெட்டியாக இருக்கும், தனி நாற்றம் இருக்காது. ரத்தம் என்றால் தார் மாதிரி பளபளப்பு, ஒட்டும், நாற்றம் அறையே தாங்காது. வாயால் கேட்டு முடிவு செய்யாமல் கையுறை போட்டு ஆசனவாய் வழியாகப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. அதைத் தவிர்த்துவிட்டு மறுநாள் காலை ரவுண்ட்ஸில் மாட்டிக்கொள்பவர்கள் வருடா வருடம் உண்டு.

அடுத்து மயக்கம். ‘மயக்கமா வந்துச்சு’ என்று நம் ஆட்கள் சொன்னால் பாதிப் பேருக்கு அது தலைசுற்றல்தான். பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோரில் 2 புள்ளி தருவது நினைவு தப்பி விழுந்தால் மட்டுமே. ‘கீழ விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா? யார் தூக்கினாங்க?’ என்று கேளுங்கள். கூட வந்தவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து, அதை நர்ஸ் எழுதியிருந்தால் நீங்கள் தமிழில் இன்னொரு முறை கேட்டுவிடுவது நல்லது.

‘மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?’ என்றால் பதில் ‘இல்ல’ என்றுதான் வரும். சுகர், பிபி மாத்திரை மட்டுமே அவர்கள் கணக்கில் மாத்திரை. ‘மூட்டு வலி, முதுகு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டீங்களா?’ என்று கேட்டால் அசெக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக் அட்டை சட்டைப் பையிலிருந்தே வரும். ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல், வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடும் அசினோகூமரால் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இங்கே வரும் எந்த ஸ்கோரும் இவற்றுக்குப் புள்ளி தராது. ஆனாலும் காரணம் என்ன, மருந்தை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இவைதான் தீர்மானிக்கும்.

ஈரலுக்கு: குடி, மஞ்சள் காமாலை, வயிறு வீங்கியது, முன்பு வாய் வழியாக டியூப் விட்டு பேண்ட் போட்டது. இதயத்துக்கு: படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், பழைய எக்கோ ரிப்போர்ட். பிபி இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் ‘இதயச் செயலிழப்பு’ என்று புள்ளி போட்டுவிடக் கூடாது.

4. கேள்வியைத் தீர்மானியுங்கள்

கேள்விகள் மூன்று. இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, அல்லது ரத்தம், எண்டோஸ்கோபி சிகிச்சை தேவைப்படுமா? இதற்கு கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்ட். இவர் இறந்துபோகும் ஆபத்து எவ்வளவு? இதற்கு எய்ம்ஸ்65 அல்லது ஏபிசி ஸ்கோர். (தில்லி எய்ம்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நின்ற ரத்தம் திரும்ப வருமா? இதற்கு எண்டோஸ்கோபியில் கண்ட காட்சிதான் பதில், அதற்கு முன் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஈரல் சுருக்கத்தால் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் (பேச்சுவழக்கில் நரம்புகள்) புடைத்து வெடித்த கேஸ் என்று சந்தேகம் வந்தால் பாதையே வேறு. அது 9-ஆம் படி.

5. கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்ட் ஸ்கோர்: யூரியாவின் அலகைப் பாருங்கள்

மொத்தம் 0 முதல் 23 வரை. யூரியாவை இங்கே நம் லேப்களில் வரும் ‘ப்ளட் யூரியா’ அளவுக்கே, மி.கி./டெ.லி.யில் மாற்றித் தந்திருக்கிறோம்.

யூரியா: 39 முதல் 48-க்குள் 2, 48 முதல் 60-க்குள் 3, 60 முதல் 150-க்குள் 4, 150-ம் அதற்கு மேலும் 6.
ஹீமோகுளோபின், ஆண்: 12–12.9 என்றால் 1, 10–11.9 என்றால் 3. 10-க்குக் கீழ் 6.
ஹீமோகுளோபின், பெண்: 10–11.9 என்றால் 1. 10-க்குக் கீழ் 6.
மேல் பிபி: 100–109 என்றால் 1, 90–99 என்றால் 2, 90-க்குக் கீழ் 3.
பல்ஸ் 100-ம் அதற்கு மேலும்: 1. கருப்பு மலம்: 1. நினைவு தப்பியது: 2. ஈரல் நோய்: 2. இதயச் செயலிழப்பு: 2.

தவறு நடப்பது முதல் வரியில்தான். சில லேப் ‘ப்ளட் யூரியா’ தரும், சில லேப் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளந்து ‘பியூஎன்’ என்று தரும். பியூஎன் எண்ணை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. போன் ஆப்கள் பலவும் பியூஎன் கேட்கும். யூரியா 36 உள்ளவருக்குப் புள்ளியே இல்லை. அதே 36-ஐ பியூஎன் கட்டத்தில் தட்டினால் 4 புள்ளி விழும், வீட்டுக்குப் போக வேண்டியவர் அட்மிட் ஆவார். அது பரவாயில்லை. பியூஎன் 20 உள்ளவருக்கு யூரியா 43, அதாவது 2 புள்ளி உண்டு. அதை யூரியா 20 என்று எடுத்துக்கொண்டால் புள்ளி பூஜ்யம், அட்மிட் ஆக வேண்டியவர் வீட்டுக்குப் போய்விடுவார். ரிப்போர்ட்டில் எண்ணைப் படிப்பதற்கு முன் அதன் இடப்பக்கம் என்ன அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள்.

விடை 0 அல்லது 1 என்றால், வேறு காரணம் எதுவும் இல்லாத பட்சத்தில், மாத்திரை எழுதிக்கொடுத்து வெளிநோயாளியாகவே எண்டோஸ்கோபிக்கு வரச் சொல்லலாம். 2017-இல் பிஎம்ஜே இதழில் வந்த, 6 மருத்துவமனைகளில் 3012 நோயாளிகளை வைத்து 5 ஸ்கோர்களை ஒப்பிட்ட ஆய்வில், சிகிச்சையோ இறப்போ நேர்ந்தவர்களில் 98.6 சதவீதம் பேரை இந்த வரம்பு பிடித்துவிட்டது. 7-ம் அதற்கு மேலும் என்றால் எண்டோஸ்கோபி சிகிச்சை தேவைப்படும் என்று எதிர்பாருங்கள். ஆனால் அதற்கு மேலே 14-க்கும் 17-க்கும் நடுவே நுணுக்கம் பார்ப்பதில் பயன் இல்லை.

நம் ஊரில் இந்த ஸ்கோர் கூடுதலாகவே காட்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5-ஆம் சுற்றுப்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 9.5 ஹீமோகுளோபினோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு, காபித்தூள் நிறத்தில் ஒரே ஒரு வாந்தி எடுத்ததற்கே 6 புள்ளி விழுந்துவிடும். பழைய ரிப்போர்ட் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) தாழ்ந்திருந்தால் பழைய ரத்தசோகை என்று ஊகிக்கலாம். புள்ளியை மட்டும் குறைக்காதீர்கள், பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கும் யூரியா எப்போதுமே உயர்ந்திருக்கும், அங்கேயும் இதே கதை.

6. இறப்பு ஆபத்து: எய்ம்ஸ்65, ஏபிசி

எய்ம்ஸ்65 படுக்கை ஓரத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியது. ஆல்புமின் 3-க்குக் கீழ், ஐஎன்ஆர் 1.5-க்கு மேல், நினைவு மந்தம், மேல் பிபி 90-ம் அதற்குக் கீழும், வயது 65-ம் அதற்கு மேலும். ஒவ்வொன்றுக்கும் 1. ஒன்றுமே இல்லை என்றால் மருத்துவமனை இறப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தும் இருந்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 2-இலிருந்து உயர் ஆபத்து. மந்தமாக இருப்பவருக்கு முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

ஏபிசி ஸ்கோர் பிற்பாடு வந்தது. சிறுநீரகத்தையும் புற்றுநோயையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது அதன் பலம். வயது 60–74 என்றால் 1, 75-இலிருந்து 2. யூரியா 60-க்கு மேல் 1. ஆல்புமின் 3-க்குக் கீழ் 2. கிரியேட்டினின் சுமார் 1.1 முதல் 1.7 வரை 1, அதற்கு மேல் 2. நினைவு மந்தம் 2. ஈரல் சுருக்கம் 2. பரவிய புற்றுநோய் 4. நோயாளியின் பொது உடல்நிலைக்கு மயக்க மருத்துவர்கள் போடும் ஏஎஸ்ஏ தரம் 3 என்றால் 1, 4-ம் மேலும் என்றால் 3. மொத்தம் 3 வரை குறைந்த ஆபத்து, 4–7 நடுத்தரம், 8-இலிருந்து உயர்வு.

இரண்டு ஸ்கோரும் ஒரே நோயாளியிடம் எப்படி வேறு வேறு பேசுகின்றன என்பதற்கு இரண்டு மாதிரிக் கணக்குகள்.

முதல் மாதிரி: 62 வயது ஆண், மூட்டு வலிக்கு அசெக்ளோஃபினாக். கருப்பு மலம், பல்ஸ் 112, பிபி 96, ஹீமோகுளோபின் 9.4, யூரியா 78, கிரியேட்டினின் 1.2, ஆல்புமின் 3.4, ஐஎன்ஆர் 1.1, தெளிவாகப் பேசுகிறார். பிளாட்ச்ஃபோர்ட்: 4+6+2+1+1 = 14. எய்ம்ஸ்65: 0. ஏபிசி: வயதுக்கு 1, யூரியாவுக்கு 1, கிரியேட்டினினுக்கு 1, ஆக 3.

இரண்டாம் மாதிரி: 48 வயது ஆண், குடிப்பழக்கத்தால் ஈரல் சுருக்கம். ரத்த வாந்தி, கருப்பு மலம் இன்னும் இல்லை. பல்ஸ் 96, பிபி 104, ஹீமோகுளோபின் 11.2, யூரியா 24, ஆல்புமின் 2.4, ஐஎன்ஆர் 1.9, தூக்கக் கலக்கம். பிளாட்ச்ஃபோர்ட்: 3+1+2 = 6. எய்ம்ஸ்65: 3. ஏபிசியில் ஆல்புமின், நினைவு, ஈரல் மூன்றுக்கே 6, ஏஎஸ்ஏ தரத்தையும் சேர்த்தால் அதற்கு மேல்.

பிளாட்ச்ஃபோர்ட்டை மட்டும் பார்ப்பவர் முதல் ஆளுக்குப் பதறி, இரண்டாம் ஆளை வார்டுக்கு அனுப்புவார். எய்ம்ஸ்65 மட்டும் பார்ப்பவர் முதல் ஆளை அலட்சியம் செய்வார். முதலாமவருக்கு எண்டோஸ்கோபி சிகிச்சை தேவைப்படும் என்று எதிர்பார்க்கலாம், செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இரண்டாமவருக்குத்தான் ஐசியூ கட்டில். ஈரல் கெட்டவருக்கு யூரியா உற்பத்தியே குறைவு என்பதால் ரத்தம் போனாலும் அந்த எண் ஏறாது. பிளாட்ச்ஃபோர்ட் அவரிடம் தாழ்ந்து காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு நோய்க்காக ஏற்கெனவே அட்மிட் ஆகி, படுக்கையில் இருக்கும்போது ரத்தக்கசிவு தொடங்கியவர்களுக்கு இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அவர்களின் இறப்பு விகிதம் வெளியிலிருந்து வருபவர்களைவிட அதிகம்.

7. எண்டோஸ்கோபி எப்போது?

அட்மிட் ஆனவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள். ஸ்கோர் உயர்ந்தால் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று தோன்றும். ஹாங்காங்கில் பிளாட்ச்ஃபோர்ட் 12-ம் அதற்கு மேலும் உள்ள 516 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், 6 மணி நேரத்துக்குள் செய்தவர்களில் 30 நாள் இறப்பு 8.9 சதவீதம், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களில் 6.6 சதவீதம். அவசரத்தால் லாபம் இல்லை. ரத்தம், பிபி, மூச்சு இவற்றைச் சரிசெய்ய அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். டிரிப் ஓடியும் பிபி நிற்காமல் கொட்டிக்கொண்டே இருப்பவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். அவருக்கு நடு இரவிலும் போன் போடத்தான் வேண்டும்.

ரத்தம் ஏற்றும் வரம்பு ஹீமோகுளோபின் 7, இதய நோய் இருந்தால் 8. பார்சிலோனாவில் 921 பேரை வைத்து நடந்த, 2013-இல் வெளியான ஆய்வில் 7-இல் ஏற்றியவர்களில் 6 வாரம் பிழைத்திருந்தவர்கள் 95 சதவீதம், 9-இல் ஏற்றியவர்களில் 91 சதவீதம். ரத்தக்கசிவை நிறுத்தவென்று தரும் டிரானெக்ஸமிக் அமிலத்தைப் பழக்கத்தால் போடுவதை நிறுத்தலாம். 12,009 பேரை வைத்து 2020-இல் வெளியான ஹால்ட்-ஐடி ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை, கால் ரத்த நாளத்திலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவது கூடியது.

8. எண்டோஸ்கோபிக்குப் பிறகு: திரும்ப வருமா?

ரிப்போர்ட்டில் ‘டியோடினல் அல்சர்’ (முன்சிறுகுடல் புண்) என்று மட்டும் இருந்தால் அந்த ரிப்போர்ட் பாதிதான். புண்ணின் தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் ஃபாரஸ்ட் வகை வேண்டும். சிகிச்சை செய்யாமல் விட்டால் திரும்ப ரத்தம் வரும் வாய்ப்பு, பழைய தொகுப்புகளின்படி, ஏறக்குறைய இப்படி:

1ஏ, 1பி (பீய்ச்சுவது, கசிவது): 55 சதவீதம்.
2ஏ (ரத்தக்குழாய் தெரிவது): 43.
2பி (ஒட்டிய ரத்தக்கட்டி): 22.
2சி (தட்டையான கருப்புப் புள்ளி): 10.
3 (சுத்தமான அடித்தளம்): 5.

1ஏ முதல் 2ஏ வரை எண்டோஸ்கோபியிலேயே கிளிப் அல்லது சூடு வைத்து அடைத்து, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் 80 மி.கி., பிறகு மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரம். 2பி-யில் கட்டியை நன்றாகக் கழுவிப் பார்த்து முடிவெடுப்பார்கள். 2சி, 3 என்றால் அன்றே சாப்பிடலாம், வேறு நோய் இல்லாவிட்டால் சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம். ‘ரத்தக்கசிவு நோயாளி’ என்பதற்காக 3-ஆம் வகைக்காரரை மூன்று நாள் பட்டினி போடுவதில் அர்த்தமில்லை.

ஃபாரஸ்ட் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. புண் 2 செ.மீ.க்கு மேல், டியோடினத்தின் பின்சுவர், இரைப்பையின் சிறு வளைவில் உயரமான இடம், எண்டோஸ்கோபியின்போதே ரத்தம் ஓடியது, வந்தபோது பிபி சரிந்திருந்தது ஆகியவை இருந்தால் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடும். பின்சுவரையும் சிறு வளைவையும் ஒட்டிப் பெரிய தமனிகள் ஓடுகின்றன, காரணம் அதுதான். அப்படிப்பட்டவர் பெயரை அன்று இரவே சர்ஜரி யூனிட்டுக்கும் எம்போலைசேஷன் (ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பது) செய்யும் ரேடியாலஜி டாக்டருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

எண்டோஸ்கோபிக் காட்சியையும் சேர்த்து ஆபத்தைக் கணிக்கும் முழு ராக்கால் ஸ்கோரையும் இப்போது போடலாம். முதல் மாதிரிக்காரருக்கு வயது 1, பிபி 100-க்குக் கீழ் என்பதால் 2, கூட நோய் 0. எண்டோஸ்கோபியில் 2ஏ வகை அல்சர் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அல்சருக்கு 1, தெரியும் ரத்தக்குழாய்க்கு 2. மொத்தம் 6. இதில் 2 வரை வருபவர்களுக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு.

9. நரம்புப் புடைப்பு ரத்தக்கசிவு: தனிப் பாதை

ஈரல் சுருக்கம் என்று சந்தேகம் வந்தவுடனே, எண்டோஸ்கோபிக்குக் காத்திராமல், டெர்லிப்ரஸின் அல்லது ஆக்ட்ரியோடைடும், தினம் 1 கிராம் செஃப்ட்ரியாக்ஸோனும் தொடங்குவார்கள். எண்டோஸ்கோபி 12 மணி நேரத்துக்குள். இங்கே கணிப்பின் அளவுகோல் 5 நாளில் ரத்தம் நிற்கிறதா, 6 வாரத்தில் ஆள் இருக்கிறாரா என்பது. அந்த 6 வாரத்தைத் தீர்மானிப்பது புடைப்பின் அளவு அல்ல, ஈரலின் நிலை.

அதை அளக்க மெல்டு ஸ்கோர். பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் மூன்றும் போதும். 19-ம் அதற்கு மேலும் என்றால் 6 வார இறப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ. 11-க்குக் கீழ் என்றால் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஈரல் சுருக்கத்தின் தீவிரத்தை ஏ, பி, சி என்று பிரிக்கும் சைல்டு-பியூ ஸ்கோரையும் கூடவே போட்டுவையுங்கள். சி வகையில் 10 முதல் 13 வரை, அல்லது பி வகையில் 7-க்கு மேல் இருந்து எண்டோஸ்கோபியில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்றால், 72 மணி நேரத்துக்குள் ஈரல் வழியே ஸ்டென்ட் வைக்கும் டிப்ஸ் சிகிச்சையைப் பேச வேண்டும். அந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. முதல் நாளே கணக்குப் போட்டால்தான் இடம் மாற்ற நேரம் கிடைக்கும்.

ஐஎன்ஆர் 1.9 என்று பார்த்ததும் பிளாஸ்மா ஏற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஈரல் நோயில் அந்த எண் ரத்தம் கசியும் தன்மையைக் காட்டுவதில்லை. ஏற்றும் திரவம் போர்ட்டல் அழுத்தத்தைத்தான் (குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் நாளத்தின் அழுத்தம்) கூட்டும்.

இன்னொரு கூட்டம் உண்டு. 20 வயசுப் பையன், ஈரல் ரிப்போர்ட் எல்லாம் சரி, மண்ணீரல் மட்டும் தொப்புள் வரை, வாளி நிறைய ரத்த வாந்தி. போர்ட்டல் நாளம் அடைபட்டதோ, சுருக்கம் இல்லாத போர்ட்டல் ஃபைப்ரோசிஸோ இந்தியாவில் அரிதல்ல. ஈரல் நன்றாக இருப்பதால் இவர்கள் பெரும்பாலும் மீண்டுவிடுவார்கள். மெல்டும் சைல்டும் இவர்களுக்காக உருவானவை அல்ல.

10. முதல் 72 மணி நேரம்

திரும்ப வரும் ரத்தக்கசிவில் பெரும்பகுதி இந்த நேரத்துக்குள் வரும். நர்ஸ் சார்ட்டில் மூன்று விஷயங்களை எழுதிவைத்து, எது நடந்தாலும் எழுப்பச் சொல்லுங்கள். புதிதாக ரத்த வாந்தி. நிலைப்பட்ட பிறகு பல்ஸ் ஏறி, பிபி 100-க்குக் கீழ் இறங்குவது. நிலைப்பட்ட பிறகு 24 மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராமோ அதற்கு மேலோ குறைவது.

கருப்பு மலம் மட்டும் போனால் பதற வேண்டாம். குடலில் தங்கிய பழைய ரத்தம் வெளியேற சில நாள் ஆகும். பல்ஸ் அமைதியாக, யூரியா நாளுக்கு நாள் இறங்கினால் பழையதுதான். ஹீமோகுளோபின் பார்க்கும்போது எத்தனை யூனிட் ஏற்றினோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். இரண்டு யூனிட் போட்டும் எண் அப்படியே நின்றால், அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

11. வீட்டாரிடம் சொல்வது

‘பொழைச்சுடுவாரா டாக்டர்?’ என்று கேட்பவரிடம் சதவீதம் சொல்வதில் பயனில்லை. அந்த எண்கள் கூட்டத்துக்கானவை, அவருடைய அப்பாவுக்கானவை அல்ல. அடுத்து என்ன நடக்கலாம், எப்போது தெரியும் என்பதைச் சொல்லுங்கள். ‘ரத்தம் இப்ப நின்னிருக்கும்மா. மூணு நாளைக்குள்ள திரும்ப வர வாய்ப்பு இருக்கு, அதான் இங்கயே வச்சுப் பார்க்கறோம். வந்தா மறுபடி டியூப் விட்டு அடைப்போம். அதுலயும் நிக்கலன்னா ஆபரேஷனோ வேற வழியோ யோசிக்கணும். ரத்தம் குடுக்க ரெண்டு பேரை இன்னைக்கே சொல்லி வைங்க.’ ஈரல் கேஸ் என்றால் ரத்தம் நின்றதோடு முடியவில்லை, ஆறு வாரம் கவனமாக இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

12. டிஸ்சார்ஜ்: கணிப்பு வாசலோடு முடிவதில்லை

அல்சர் ரத்தக்கசிவால் அட்மிட் ஆனவர்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் போய் இறப்பதில்லை. 10,000-க்கும் மேற்பட்ட கேஸ்களைத் தொடர்ந்த ஹாங்காங் தொகுப்பில், இறப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இதயம், நுரையீரல், புற்றுநோய், உறுப்புச் செயலிழப்பு போன்றவற்றால் நேர்ந்தவை. அதனால் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு ஆஸ்பிரினை ‘இனி தொடவே கூடாது’ என்று நிறுத்தி அனுப்புவது ஆபத்து. அங்கேயே 156 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், எண்டோஸ்கோபி முடிந்ததும் ஆஸ்பிரின் தொடர்ந்தவர்களில் 8 வார இறப்பு 1.3 சதவீதம், நிறுத்தியவர்களில் 12.9. ரத்தம் நின்றபின் 1 முதல் 3 நாளில், பேன்டோப்ரசோலோடு சேர்த்துத் தொடங்குவது இப்போதைய வழக்கம். வலி மாத்திரைதான் நிற்க வேண்டியது.

அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமிக்கான பரிசோதனையை ரத்தக்கசிவின்போது எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் நம்ப வேண்டாம். ரத்தமும் பேன்டோப்ரசோலும் விடையைக் கெடுக்கும். பேன்டோப்ரசோலை 2 வாரம், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரம் நிறுத்திவைத்து மறுபடி பார்க்க வேண்டும். இரைப்பைப் புண் என்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய 6 முதல் 8 வாரத்தில் இன்னொரு எண்டோஸ்கோபி. ஓசூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்தவர் அதற்காகத் திரும்ப பெங்களூரு வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தேதி, பரிசோதனையின் பெயர், எந்த மருந்தை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது ஆகியவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் உள்ளூர் டாக்டருக்கென்று தனியாக எழுதி, முதல் பார்வை எண்களையும் ஃபாரஸ்ட் வகையையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.